சின்ன பிளான்டட் டேங்குக்கு பாசி தின்ற மீன்: எதை வாங்கலாம், எதை கடையிலேயே விட்டுட்டு வரணும்

நம்ம மலேசியாவுல ப்ளெக்கோ மீனுக்கு பேரே பண்டாராயா மீன். பண்டாராயான்னா மாநகரம், ரோட்டை கூட்டி குப்பை அள்ளுற மாநகராட்சி ஆளுங்க மாதிரி தொட்டியை சுத்தம் பண்ணிடும்னு மலாய்க்காரங்க வெச்ச பேரு, இப்ப தமிழர் சீனர் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறோம். அந்த பேரு மனசுல ஒட்டிக்கிட்டதாலயோ என்னவோ, கண்ணாடியில லேசா பச்சை படிஞ்ச உடனே பக்கத்து வீட்டு அங்கள்ல இருந்து ஆபீஸ் கூட்டாளி வரைக்கும் ஒரே வார்த்தைதான் சொல்வாங்க, "ஒரு பண்டாராயா வாங்கி போடு, எல்லாத்தையும் தின்னுடும்". கடையில பாக்கும்போது அது 5 செ.மீ. குட்டி, விரல் நீளத்துக்கு அழகா கண்ணாடியில ஒட்டிக்கிட்டு இருக்கும். அதே மீன் வளந்தா 40 செ.மீ. வரைக்கும் போகும். கோலாலம்பூர் சென்டூல்ல என் பிளாட்ல இருக்கிற டேங்கோட மொத்த நீளமே 45 செ.மீ. தான்.

சின்ன டேங்க், உள்ள உயிருள்ள செடி, கூடவே பாசி தொல்லை, இந்த மூணும் இருக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். சின்னதுன்னா ஒரு அடியில இருந்து ரெண்டு அடி வரைக்கும்னு வெச்சுக்குங்க. பெரிய டேங்க் வெச்சிருக்கவங்களுக்கு தப்பு பண்ணா திருத்த இடம் இருக்கு, நமக்கு அது இல்ல, ஒரு தப்பான மீன் போதும் மொத்த டேங்கும் மாறிப்போயிடும்.

முதல் படி: அது என்ன பாசின்னு கண்டுபிடிங்க

இதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. பாசின்னு நாம ஒரே வார்த்தையில சொன்னாலும் டேங்க்ல வர்றது பல ஜாதி, எல்லாத்தையும் தின்ற ஒரே மீன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. அதனால கடைக்கு போறதுக்கு முன்னாடி காலையில லைட் போட்டதும் ஒரு நாற்காலியை இழுத்து போட்டு டேங்க் முன்னாடி பத்து நிமிஷம் உக்காருங்க, விரலால தொட்டு பாருங்க.

கோப்பித்தூள் தூவின மாதிரி பழுப்பா கண்ணாடியிலயும் இலையிலயும் படிஞ்சு, விரல் வெச்சா உடனே துடைச்சுக்கிட்டு வந்தா அது டயாட்டம். புது டேங்க்ல முதல் ஒண்ணு ரெண்டு மாசத்துல வராம இருக்கவே இருக்காது, பெரும்பாலும் தானாவே போயிடும், பயப்பட வேண்டியதில்ல. கண்ணாடியில பச்சை புள்ளி புள்ளியா, நகத்தால சுரண்டினாகூட வர மாட்டேங்குதுன்னா அது பச்சை புள்ளி பாசி. ஆனுபியாஸ் மாதிரி மெதுவா வளர்ற செடியோட பழைய இலையிலயும் இது வரும். நூல் மாதிரி, தலைமுடி மாதிரி நீளமா ஆடிக்கிட்டு ஜாவா மோஸ்ங்கிற குட்டி செடியில சிக்கிக்கிட்டு இருந்தா அது நூல் பாசி, வெளிச்சம் ஜாஸ்தியா இருக்குன்னு அர்த்தம்.

கறுப்பா, பிரஷ் முடி மாதிரி குஞ்சம் குஞ்சமா, இலை ஓரத்துலயும் மரக்கட்டையிலயும் ஃபில்டர் வாயிலயும் பிடிச்சுக்கிட்டு இழுத்தாலும் வராம இருக்கிறதுதான் பிளாக் பியர்ட், அதாவது கறுப்பு தாடி பாசி. பிளான்டட் டேங்க்காரங்களை அழ வைக்கிறது இதுதான். செடிக்காக டேங்க்ல விடுற சிஓடூ (கரியமிலவாயு) ஒரு நாள் கூட ஒரு நாள் குறைய போறது, தண்ணி ஓட்டம் சரியில்லாதது, அழுகின இலையை அப்படியே விட்டு வைக்கிறது, இதெல்லாம் அதுக்கு விருந்து.

இன்னும் ரெண்டு இருக்கு, இந்த ரெண்டுக்கும் மீன் வாங்கவே வாங்காதீங்க. ஒண்ணு, நீலப்பச்சையில கொழகொழன்னு போர்வை மாதிரி மண்ணையும் செடியையும் மூடி, உரிச்சா தோல் மாதிரி வந்து கெட்ட வாடை அடிக்கிறது. அது உண்மையில பாசியே கிடையாது, சயனோபாக்டீரியாங்கிற நுண்ணுயிர், அதை நம்பி வாங்குற மாதிரி ஒரு மீனும் கிடையாது. டியூப் வெச்சு உறிஞ்சி எடுத்துட்டு, மூணு நாள் டேங்க்கை கறுப்பு பிளாஸ்டிக் போட்டு இருட்டாக்கி, அப்புறம் தண்ணி ஓட்டத்தை சரி பண்ணணும். இன்னொண்ணு தண்ணியே பச்சையா சூப் மாதிரி ஆயிடுறது. அது தண்ணியில மிதக்கிற நுண்பாசி, ஒட்டி மேயுற மீனோட வாய்க்கு அகப்படாது. அதுக்கும் இருட்டு வைத்தியம், இல்லன்னா யூவி லைட்.

ரெண்டாவது படி: டேங்க்கை அளங்க, வயசை எண்ணுங்க, சூட்டை பாருங்க

நீளம், அகலம், உயரம் மூணையும் செ.மீ.ல பெருக்கி 1000-ஆல வகுத்தா லிட்டர் வந்துடும். என் டேங்க் 45 x 30 x 30, கணக்குப்படி 40 லிட்டர், ஆனா மண்ணு, கல்லு, கட்டை எல்லாம் போட்டு மேல கொஞ்சம் இடம் விட்டா உள்ள நிக்கிற தண்ணி 32, 33 லிட்டர்தான். மீனுக்கு அந்த 33 தான் கணக்கு, கடைக்காரர் சொல்ற 40 இல்ல.

வயசு அதைவிட முக்கியம். டேங்க் போட்டு மூணு மாசம் ஆகலன்னா பாசி தின்ற மீன் எதையும் வாங்காதீங்க. கண்ணுக்கு தெரியிற பாசி மட்டும் அதுங்களுக்கு சாப்பாடு இல்ல, கல்லு மேலயும் இலை மேலயும் வழுவழுன்னு ஒரு மெல்லிய படலம் பிடிக்கும் பாருங்க, அதுல இருக்கிற சின்ன சின்ன உயிருங்களும் சேர்ந்துதான் அதுங்களோட சோறு. புது டேங்க்ல அந்த படலமே இருக்காது.

அப்புறம் சூடு. வெளிநாட்டு வீடியோவுல 24 டிகிரியில வெச்சு காட்டுறதை பாத்துட்டு நாம ஏமாந்து போறது இங்கதான். கோலாலம்பூர் பிளாட்ல மத்தியானம் ஏர்கோன் இல்லாம டேங்க் தண்ணி 29, 30 சாதாரணமா போகும், சாயங்கால வெயில் அடிக்கிற பக்கம் ஜன்னல் இருந்தா இன்னும் ஏறும். சூடு ஏற ஏற தண்ணியில ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் சுமாருக்கு நிக்கிற தண்ணி 30 டிகிரியில 7.5 தான் பிடிக்கும், அதே நேரம் மீனுக்கு மூச்சு வாங்குறது ஜாஸ்தியாகும். பாசி தின்ற மீன்ல பாதி ஓடுற ஆத்துல பாறையில ஒட்டி வாழ்ந்த ஜாதி, அதுங்களுக்கு இது ரொம்ப கஷ்டம். ஒரு சின்ன காத்தாடியை தண்ணி மேல படுற மாதிரி கிளிப் பண்ணி வெச்சா 2, 3 டிகிரி இறங்கும், தண்ணி சீக்கிரம் வத்தும், அதை மட்டும் தினம் ஊத்திக்கணும். நான் வருஷம் பூரா அப்படித்தான் வெச்சிருக்கேன்.

மூணாவது படி: மீன் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம்

பாசி வர்றதுக்கு காரணம் வெளிச்சமும் சத்தும் செடி தின்றதைவிட ஜாஸ்தியா இருக்கிறது. காரணம் அப்படியே இருந்தா எந்த மீனை போட்டாலும் அது தின்ற வேகத்தைவிட பாசி வளர்ற வேகம் ஜாஸ்தியா இருக்கும், மீன் கூடுதலா கழிவை வேற போடும், அது திரும்ப பாசிக்கே உரமாகும்.

எங்க வீட்ல ஒரு தைப்பூசத்துக்கு சொந்தக்காரங்க எல்லாம் பத்து மலைக்கு போறதுக்காக வந்து தங்கினாங்க, பிள்ளைங்க ஆசை ஆசையா மீனுக்கு தீனி போட்டு மூணு நாள்ல பாதி டப்பா காலி, நானும் பிள்ளைங்க சந்தோஷமா இருக்கட்டும்னு விட்டுட்டேன். ரெண்டு வாரத்துல மோஸ் முழுக்க நூல் பாசி. அதுக்கு நான் மீன் வாங்கல. லைட்டை எட்டரை மணி நேரத்துல இருந்து ஆறு மணி நேரத்துக்கு இறக்கி டைமர் போட்டேன், தீனியை ரெண்டு நாளைக்கு ஒரு தடவைன்னு குறைச்சேன், பழைய டூத் பிரஷை பாசியில விட்டு நூடுல்ஸ் சுத்துற மாதிரி சுத்தி சுத்தி எடுத்தேன், வாரம் ரெண்டு தடவை மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்தினேன். மூணாவது வாரம் முக்கால்வாசி போயிடுச்சு. மிச்சம் இருந்த கால்வாசிக்குத்தான் இறால் போட்டேன், அதுங்க அழகா முடிச்சு வெச்சது.

அதனால முதல்ல இதை செய்ங்க. லைட்டுக்கு டைமர், 6 மணி நேரத்துல ஆரம்பிங்க, 8-க்கு மேல வேணாம். ஜன்னல் வெயில் நேரா பட்டா டேங்க்கை நகத்துங்க இல்ல பின்னாடி அட்டை ஒட்டுங்க. அழுகின இலையை வெட்டி எடுங்க. ஹைட்ரில்லா, மிதக்கிற செடி மாதிரி வேகமா வளர்றதை கொஞ்சம் சேருங்க, பாசிக்கு போற சத்தை அதுங்க இழுத்துக்கும். ரெண்டு வாரம் கழிச்சு மிச்சம் என்ன இருக்குன்னு பாத்துட்டு கடைக்கு போங்க.

நாலாவது படி: யாரை கூட்டிட்டு வரலாம்

என் மனசுல முதல் இடம் ஓட்டோவுக்குத்தான், ஓட்டோசிங்க்ளஸ்னு முழு பேரு. தென் அமெரிக்கா ஆத்து மீன், வளந்தாலும் 4, 5 செ.மீ. தான், செடியோட இலையை ஒண்ணும் பண்ணாது, குட்டி இறாலைகூட தொடாது. டயாட்டமும் மெத்துன்னு இருக்கிற பச்சை படலமும்தான் இதோட சாப்பாடு. சாயங்காலம் ஒரு ஓட்டோ அமேசான் சோர்ட் இலையில மேயுறதை பாருங்க, இலையோட அடியில தொடங்கி வாயை வெச்ச இடத்துல இருந்து எடுக்காம குலுங்கி குலுங்கி நுனி வரைக்கும் போகும், போன பாதை மட்டும் பளபளன்னு புது பச்சையா தெரியும், நுனிக்கு போனதும் ஒரு சொடுக்கு சொடுக்கி அடுத்த இலைக்கு தாவும். எனக்கு இதை பாக்க உக்காந்தா சாப்பாட்டு நேரமே தெரியாது.

ஆனா இது தனியா வாழாது, கூட்டமா இருக்கணும். ரெண்டு அடி டேங்க்னா 6, ஒன்றரை அடின்னா 4 இல்ல 5, ஒரு அடி டேங்க்ல வேணவே வேணாம், அங்க மேய்ச்சலுக்கு இடமே பத்தாது. கடையில வர்றது பெரும்பாலும் ஆத்துல பிடிச்சது, பிடிச்ச நாள்ல இருந்து கடைக்கு வர்ற வரைக்கும் ஒழுங்கா சாப்பாடு இல்லாம பட்டினியா வரும், அதனாலதான் வாங்கிட்டு வந்த முதல் ரெண்டு வாரத்துல நிறைய பேருக்கு செத்துப்போகுது. அதை எப்படி பாத்து வாங்குறதுன்னு அஞ்சாவது படியில சொல்றேன். கறுப்பு தாடி, நூல் பாசி, பச்சை புள்ளி, இது எதையும் ஓட்டோ தொடாது, அதுக்காக அதை வாங்காதீங்க.

அடுத்தது மீனே இல்ல, ஆனா இதை சொல்லாம விட்டா இந்த வழிகாட்டிக்கு அர்த்தமில்ல. அமானோ இறால். ஜப்பான்காரர் தகாஷி அமானோ, இயற்கையா காடு மாதிரி டேங்க் அமைக்கிற கலையை உலகம் முழுக்க கொண்டு போனவர், 2015-ல இறந்துட்டார், அவர் தன்னோட டேங்க்ல பாசிக்கு பயன்படுத்தி பிரபலமாக்கினதால அவர் பேரே நிலைச்சுப்போச்சு. நூல் பாசிக்கு இதை மாதிரி வேலை செய்ற ஜீவன் எனக்கு தெரிஞ்சு இல்ல. கறுப்பு தாடியைக்கூட, மருந்து பட்டு செத்து சிவப்பா மாறின பிறகு, இழுத்து இழுத்து தின்னும். 4, 5 செ.மீ. வளரும், ஒன்றரை அடி டேங்க்ல 4, 5 போதும். குஞ்சு வளர உப்பு கலந்த தண்ணி வேணும்ங்கிறதால நம்ம டேங்க்ல பெருகாது, அது ஒரு வகையில நல்லது. மூடி போட்டு வைங்க, ஃபில்டர் டியூப்பை பிடிச்சு ஏறி வெளிய வந்துடும். இது குளிர்ச்சியை விரும்புற ஜாதி, காத்தாடி இல்லாத டேங்க்ல வேணாம். செர்ரி இறால் அளவுல சின்னது, பாசி தின்றதும் கம்மிதான், ஆனா நம்ம சூட்டை தாங்கும், பெருகும், ஒரு அடி டேங்க் வெச்சிருக்கவங்களுக்கு நான் சொல்றது எப்பவும் செர்ரிதான். எந்த இறாலா இருந்தாலும் காப்பர் கலந்த மீன் மருந்து டேங்க்ல ஊத்திடாதீங்க, மொத்தமா போயிடும்.

பச்சை புள்ளி பாசிக்கு நெரைட் நத்தை. நம்ம பக்கத்து அலையாத்தி காட்டு ஓரம், ஆறு கடல்ல கலக்கிற இடம், அங்கெல்லாம் இந்த குடும்பத்து நத்தைங்க வாழும். கண்ணாடியில நாம பிளேடு வெச்சு சுரண்டுறதை அது வாயால செய்யும். 20 லிட்டருக்கு ஒண்ணு போதும். ஒரு குறை, கட்டை மேலயும் கல்லு மேலயும் எள்ளு மாதிரி வெள்ளை முட்டை ஒட்டி வைக்கும், உப்பில்லாத தண்ணியில அது பொரிக்காது, சுரண்டினாலும் லேசுல வராது. கறுப்பு கட்டை வெச்சு அழகா டேங்க் அமைச்சிருக்கவங்க இதை யோசிச்சு வாங்குங்க. நம்ம பைப் தண்ணி சாஃப்ட், சுண்ணாம்பு சத்து கம்மி, அதனால நத்தை ஓடு அரிச்சு வெள்ளையாகும், ஃபில்டர் உள்ள ஒரு பிடி பவளக்கல்லு போட்டு வெச்சா சரியா இருக்கும்.

கறுப்பு தாடிக்கு எல்லாரும் சொல்ற மீன் சயாமீஸ் அல்கே ஈட்டர் (அல்கே ஈட்டர்னா பாசி தின்னி). இது நம்ம தென்கிழக்கு ஆசியா ஆத்து மீன்தான், குட்டியா இருக்கும்போது கறுப்பு தாடியை நிஜமாவே கடிச்சு தின்ற ரொம்ப கொஞ்ச மீன்ல இது ஒண்ணு. ஆனா 14, 15 செ.மீ. வரைக்கும் வளரும், நாள் பூரா ஓடிக்கிட்டே இருக்கிற மீன், குதிக்கும், வளந்த பிறகு பெல்லட் தீனி ருசி பழகி பாசி பக்கமே திரும்பி பாக்காது. மூணு அடிக்கு கம்மியான டேங்க்ல இதை வெச்சிருக்கிறது அதுக்கு செய்ற கொடுமைன்னுதான் நான் சொல்வேன். ரெண்டு அடி டேங்க் உள்ளவங்க, பெரிய டேங்க் வெச்சிருக்கிற நண்பர் ஒருத்தர் வாங்கிக்கிறேன்னு முன்கூட்டியே சொல்லியிருந்தா மட்டும் ஒரு குட்டியை சில மாசம் வெச்சிருந்து குடுக்கலாம். இல்லன்னா, பாசி பிடிச்ச இலையை வெட்டுங்க, கட்டையை வெளிய எடுத்து 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை பாசி மேல தடவி அஞ்சு நிமிஷம் வெச்சு நல்லா கழுவி உள்ள போடுங்க, அப்புறம் அமானோ மிச்சத்தை பாத்துக்கும்.

பிரிஸ்டல்நோஸ் ப்ளெக்கோ, மூக்குல மீசை வெச்ச மாதிரி இருக்குமே, அது பண்டாராயாவோட சின்ன சொந்தம், 12, 13 செ.மீ. நிக்கும். ரெண்டு அடி டேங்க்ல ஒண்ணு வைக்கலாம், மரக்கட்டை கட்டாயம் இருக்கணும், அதை அது ராவிக்கிட்டே இருக்கும். கழிவு நிறைய போடும், சின்ன செடியை மண்ணுல இருந்து பிடுங்கி போட்டுடும். ஒன்றரை அடிக்கு வேணாம். கறுப்பு மோலி நூல் பாசியையும் தண்ணி மேல எண்ணெய் மாதிரி நிக்கிற படலத்தையும் தின்னும், ஆனா சுண்ணாம்பு ஜாஸ்தியான தண்ணியை விரும்புற மீன், மாசத்துக்கு மாசம் குட்டி போடும், சின்ன டேங்க்குக்கு நான் சொல்ல மாட்டேன். ஹில்ஸ்ட்ரீம் லோச் பாக்க அவ்வளவு அழகு, குளிர்ந்த வேகமான தண்ணி மீன், நம்ம சூட்டுல தண்ணியை குளிர வைக்கிற சில்லர் இல்லாம வேணாம்.

இப்ப வாங்கவே கூடாத ரெண்டு. ஒண்ணு பண்டாராயா, அதை மேலேயே சொல்லிட்டேன். ரெண்டாவது, கோல்டன் அல்கே ஈட்டர்னு மஞ்சளா தங்கமா விக்கிற சைனீஸ் அல்கே ஈட்டர். இதை பத்தி நான் பொறுமையா சொல்லணும்.

ஆரம்பத்துல, இதெல்லாம் தெரியாத காலத்துல, ஒரு பாசார் மாலாம்ல, அதாவது இரவு சந்தையில, பிளாஸ்டிக்ல கட்டி தொங்கவிட்டு வித்துக்கிட்டு இருந்தாங்க. "அண்ணே, இது பெருசாகாது, பாசி மட்டும்தான் தின்னும்"னு சொன்னதை நம்பி ஒண்ணு வாங்கினேன். நாலு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் என்னோட ஹனி கௌராமி ஜோடியில ஒண்ணு மூலையில போய் நிக்க ஆரம்பிச்சது, விலாவுல ஒரு இடம் செதில் போய் வெள்ளையா இருந்துச்சு, நான் நோய்னு நினைச்சு உப்பு போட்டேன். ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு தண்ணி குடிக்க எழுந்தவன் டார்ச் அடிச்சு பாத்தா, அந்த தங்க மீன் கௌராமியோட விலாவுல வாயை வெச்சு ஒட்டிக்கிட்டு இருக்கு, கௌராமி உதறுது, அது விடல. பாசிக்கு பதிலா மீனோட உடம்பு மேல இருக்கிற வழவழப்பை உறிஞ்சி தின்னு பழகிடுச்சு. நாலாவது நாள் கௌராமி போயிடுச்சு. இந்த ஜாதி வளந்தா 25 செ.மீ. தாண்டும், வளர வளர முரடாகும், தட்டையான மெதுவான மீனுங்களைத்தான் தேடி போகும். அதுக்கு அது இயல்பு, அதை அந்த டேங்க்ல போட்டது என் தப்பு. ஆனா அதை பெருசாகாதுன்னு சொல்லி விக்கிறது எனக்கு இன்னைக்கும் மனசு ஆறல.

அஞ்சாவது படி: கடையில எப்படி பாத்து வாங்குறது

கடைக்கு ஞாயித்துக்கிழமை கூட்டத்துல போகாதீங்க, வார நாள்ல சாவகாசமா போங்க. முதல் கேள்வி, "பாஸ், இந்த மீன் எப்ப வந்தது?" நேத்து வந்ததுன்னா வாங்காம ஒரு வாரம் கழிச்சு வர்றேன்னு சொல்லுங்க, அந்த ஒரு வாரத்துல சாக வேண்டியது அங்கேயே செத்துடும், பிழைச்சது உறுதியான மீன்.

ஓட்டோவை முதுகு பக்கம் பாத்து வாங்காதீங்க, வயித்தை பாருங்க. கண்ணாடியில ஒட்டியிருக்கும்போது அதோட அடிவயிறு நம்ம பக்கம் தெரியும். உருண்டையா, லேசா உப்பலா, அரிசி மணி மாதிரி இருக்கணும். உள்ள ஒட்டிப்போய் குழி விழுந்து இருந்தா அதோட வயித்துல உணவை செரிக்க வைக்கிற நுண்ணுயிரே போயிருக்கும், வீட்டுக்கு வந்து சாப்பிட்டாலும் பிழைக்கிறது கஷ்டம். மனசு கேக்காம காப்பாத்தலாம்னு வாங்கினவங்களை நான் பாத்திருக்கேன், நானும் வாங்கியிருக்கேன், பெரும்பாலும் நடக்கிறதில்ல.

சயாமீஸ் வாங்குறவங்களுக்கு ஒரே ஒரு சோதனை, வாலை பாருங்க. உண்மையானதுக்கு உடம்புல ஓடுற கறுப்பு கோடு வாலுக்கு உள்ளேயும் போய் வால் பிளவு வரைக்கும் தொடரும், துடுப்பு நிறமில்லாம கண்ணாடி மாதிரி இருக்கும். கோடு வால் தொடங்குற இடத்துலயே நின்னுட்டா அது வேற மீன். கறுப்பு கோட்டுக்கு மேல தங்க நிறத்துல இன்னொரு கோடு தெளிவா ஓடி, துடுப்புல கறுப்பும் வெள்ளையும் இருந்தா அது ஃபிளையிங் ஃபாக்ஸ், அழகுதான், ஆனா வளந்தா மத்த மீனை துரத்தும், கறுப்பு தாடியை தின்னாது. ஒரே தொட்டியில எல்லாத்தையும் கலந்து அல்கே ஈட்டர்னு போர்டு மாட்டி வெச்சிருப்பாங்க, விரல் காட்டி இது, இதுன்னு பிடிக்க சொல்லுங்க.

ஆறாவது படி: வீட்டுக்கு வந்த பிறகு

காடி (கார்) உள்ள வெயில்ல பிளாஸ்டிக்கை வெச்சுட்டு வழியில சாப்பிட போகாதீங்க, நேரா வீடு. லைட்டை அணைச்சுட்டு கட்டின பிளாஸ்டிக்கை டேங்க் தண்ணியில 15, 20 நிமிஷம் மிதக்க விடுங்க, அப்புறம் திறந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு கப் டேங்க் தண்ணியை ஊத்துங்க. இறாலுக்கும் ஓட்டோவுக்கும் ஒரு மணி நேரமாவது எடுத்துக்குங்க, ஏர் டியூப்ல முடிச்சு போட்டு சொட்டு சொட்டா விட்டா இன்னும் நல்லது. கடைசியில வலையால மீனை மட்டும் எடுத்து விடுங்க, கடை தண்ணியை டேங்க்ல ஊத்தாதீங்க.

தண்ணி மாத்தும்போது பைப் தண்ணியில இருக்கிற குளோரினை முறிக்கிற ஆன்டி குளோரின் போடாம ஊத்தவே கூடாது. முக்கியமா நம்ம ஊர்ல தண்ணி வெட்டு முடிஞ்சு திரும்ப வர்ற அன்னைக்கு முதல்ல கலங்கலா வரும், அன்னைக்கும் அடுத்த நாளும் தண்ணி மாத்துறதை தள்ளி போடுங்க. தண்ணி வெட்டுன்னு முன்கூட்டியே சொல்லிட்டா நான் ரெண்டு வாளி பிடிச்சு ஆன்டி குளோரின் போட்டு பால்கனியில மூடி வெச்சுடுவேன்.

முதல் மூணு நாள் ஓட்டோ கண்ணுக்கே படாம ஒளிஞ்சுக்கும், செத்துப்போச்சோன்னு கல்லை புரட்டி தேடாதீங்க.

ஏழாவது படி: பாசி தீர்ந்து போனா?

டேங்க் பளிச்சுன்னு ஆனதும் நாம சந்தோஷப்படுறோம், ஆனா அன்னைக்குத்தான் ஓட்டோவுக்கு சோறு தீர்ந்த நாள். பாசி தின்ற மீன் நிறைய பேர் வீட்ல சாகுறது இந்த கட்டத்துலதான், நோய் ஒண்ணும் இருக்காது, பட்டினிதான்.

வெள்ளரிக்காயை நல்லா கழுவி தோல் சீவி ரெண்டு செ.மீ. கனத்துக்கு வெட்டி, கொதிக்கிற தண்ணியில ஒரு நிமிஷம் போட்டு எடுத்து ஆற வெச்சு, ஸ்பூன்ல குத்தி அடியில இறக்குங்க. கீரையும் அப்படியே. ராத்திரி லைட் அணைச்ச பிறகு போட்டு காலையில எடுத்துடணும், விட்டா தண்ணி கெடும். சில ஓட்டோவுக்கு அது சாப்பாடுன்னு புரியவே ரெண்டு மூணு வாரம் ஆகும், விடாம வாரம் மூணு தடவை போடுங்க. பாசி தின்ற மீனுக்குன்னு விக்கிற அல்கே வேஃபர் தீனியும் போடலாம், பாதி உடைச்சு.

அதைவிட எனக்கு பிடிச்சது கல்லு முறை. கோப்பி பாட்டில் மாதிரி கண்ணாடி பாட்டில் ரெண்டு எடுத்து அதுல டேங்க்ல இருந்து மாத்தின பழைய தண்ணியை ஊத்தி, கைக்கு அடக்கமான வழுவழு கல்லு நாலஞ்சு போட்டு பால்கனி வெயில்ல வைங்க. கொசு முட்டை போடாம மேல துணி கட்டிடணும், டெங்கி பயம் உள்ள ஊர் இது. நம்ம வெயிலுக்கு பத்து நாள், ரெண்டு வாரத்துல கல்லு முழுக்க பச்சையா மெத்துன்னு பிடிச்சுக்கும். ஒரு கல்லை எடுத்து டேங்க்ல வைங்க, மேஞ்சு முடிச்சு வெள்ளையானதும் அதை பாட்டில்ல போட்டுட்டு அடுத்ததை எடுங்க. தீபாவளிக்கு நாலு நாள் ஈப்போவுக்கு அம்மா வீட்டுக்கு போகும்போது நான் வேற தீனி எதுவும் போடுறதில்ல, நல்லா பச்சை பிடிச்ச கல்லு மூணை உள்ள வெச்சுட்டு டைமரை பாத்துட்டு கதவை பூட்டுவேன், திரும்பி வந்து பாத்தா அஞ்சு ஓட்டோவும் கல்லு மேல வரிசையா ஒட்டிக்கிட்டு இருக்கும், வயிறு உருண்டையா.

ஒரு மீன் உங்க டேங்க்கை மீறி வளந்துட்டா கடைக்கு திருப்பி குடுங்க, சில கடையில காசு தர மாட்டாங்க ஆனா வாங்கிப்பாங்க, இல்லன்னா பெரிய டேங்க் உள்ளவங்களை கேளுங்க. வீட்டு பக்கத்து ஏரியிலயோ லோங்காங்லயோ (சாக்கடை வாய்க்கால்) விடாதீங்க. கிள்ளான் ஆத்துலயும் லங்காட் ஆத்துலயும் இன்னைக்கு வலை போட்டா மூட்டை மூட்டையா வர்ற பண்டாராயா எல்லாம் தென் அமெரிக்காவுல இருந்து நீந்தி வந்தது இல்ல, யாரோ ஒருத்தர் வீட்டு டேங்க்ல இடம் பத்தாம கொண்டு போய் விட்ட குட்டியில இருந்து வந்ததுதான். ஆத்து கரையில வளை தோண்டி கரையை இடிய வைக்குது, நம்ம ஊர் மீனுங்களோட சாப்பாட்டையும் இடத்தையும் பிடிச்சுக்குது.